ஏழு மொழியில் ஒரு கழுதை!

கீழ்வேளூர்க்காரன் மெட்ராஸுக்கு எதற்குப் போவான்? இன்டர்வியூவுக்குப் போவான். பெரியாஸ்பத்திரிக்குப் போவான். சித்தப்பா பெண் கல்யாணத்துக்குப் போவான். நேரம் மிச்சமிருந்தால் அண்ணா சாலையில் நின்று, எல்.ஐ.சி. கட்டடத்துக்கு நிஜமாகவே பதினாலு மாடிதானா என்று கழுத்து வலிக்க எண்ணிப் பார்ப்பான். நாடகம் பார்க்கப் போவானோ? அதுவும் ஷேக்ஸ்பியர் நாடகம்?

2006-ல் நான் போனேன் சார்!

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே எங்கள் ஊர். சுற்றிலும் வயல், நடுவில் கேடிலியப்பர் கோயில். கோச்செங்கட்சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில். படியேறித்தான் சாமி பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியர் எங்களுக்குப் பரீட்சையில் வருகிற ஆபத்து, அவ்வளவுதான். கைடில் இருக்கும் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தவர்கள் நாங்கள். ஹெட் ஆபீஸ் போனில் எதிர்முனை ஆங்கிலம் பேசினால், ரிசீவரைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் பக்தியோடு நீட்டுகிற ரகம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் நண்பன்தான் போன் செய்தான்.

"மாப்ள, ரெண்டு டிக்கெட் இருக்கு. ஷேக்ஸ்பியர் காமெடி. வந்துடு."

"இங்கிலீஷாடா?"

"இங்கிலீஷ் மட்டும் இல்லடா, ஏழு மொழி!"

ஒன்றுக்கே நடுங்குகிறவனிடம் ஏழு என்றால்? ஆனால் ஏழில் ஒன்று தமிழ் என்றான். ஒருநாள் சி.எல். போட்டுவிட்டு நைட் பஸ் ஏறினேன்.

சுமார் 300 கிலோமீட்டர். விடிகாலையில் கோயம்பேடு. மேன்ஷனில் குளியல், மெஸ்ஸில் இட்லி, பிறகு ஊர் சுற்றல். மெரினா எங்கள் பட்டியலில் இல்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, நாகை பக்கத்துக்காரர்களுக்குக் கடல் என்பது சுண்டல் தின்றபடி வேடிக்கை பார்க்கிற இடமாக இல்லை. நண்பனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேரே எழும்பூர் மியூசியம். 1851-ல் தொடங்கியது. வெண்கலச் சிலைப் பகுதிக்குள் நுழைந்தால், அட, நம்மூர் ஆட்கள்! நாகப்பட்டினத்துப் புத்தர்கள் கண்ணாடிக்குள் நின்று அமைதியாகப் பார்க்கிறார்கள். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பினார். 1856 முதல் அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தச் சிலைகள் கிடைத்தன. பஸ்ஸில் அரைமணி தூரத்து அயலார்களைப் பார்க்க 300 கிலோமீட்டர் வர வேண்டியிருக்கிறது. மெட்ராஸ் என்பது இதுதான்!

மத்தியானம் சென்ட்ரல் பக்கம். ரிப்பன் கட்டடத்தை ஒட்டி, செங்கல் நிறத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால். அன்றைக்கு வெளியிலிருந்துதான் தரிசனம். ஆனால் அந்த வாசலில் ஒரு கும்பிடு போடலாம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் பதினெட்டு வயதில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தச் சபை நாடகம் போட்ட மேடை இங்கேதான் இருந்தது. ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியவர் அவர். வெனிஸ் நகர வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். 'ஆஸ் யூ லைக் இட்' என்ற காமெடிக்கு அவர் வைத்த பெயர், 'விரும்பிய விதமே'. ஷேக்ஸ்பியருக்கு வேட்டி கட்டிவிட்டது இன்றைய புதுமை இல்லை சார், நூறு வருஷத்துச் சமாசாரம்!

அந்தச் சபையில் நடித்தவர்கள் யார் என்கிறீர்கள்? தொழில்முறை நடிகர்கள் அல்ல. வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் கோர்ட், ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை. பெண் வேஷமும் அவர்களேதான். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் அப்படித்தான், பையன்கள்தான் கதாநாயகிகள்.

சாயங்காலம் நாடகம். 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்'. பிரிட்டிஷ் கவுன்சில் ஏற்பாட்டில் டிம் சப்பிள் என்ற ஆங்கிலேயர் இயக்கியது. நடிகர்கள் எல்லாம் இந்தியா, இலங்கைக்காரர்கள். ஆங்கிலம், தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம், மராத்தி, சிங்களம். அதே 2006-ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டிலேயே ஆடப்பட்ட நாடகம்.

கதை நமக்குப் பழகினதுதான். அப்பா ஒரு மாப்பிள்ளை பார்க்கிறார். பெண்ணுக்கு வேறொருவன் மேல் காதல். இரண்டு பேரும் காட்டுக்கு ஓட்டம். பின்னாலேயே அப்பா பார்த்த மாப்பிள்ளை. அவன் பின்னாலேயே அவனை விரும்பும் இன்னொருத்தி. காட்டில் வனதேவதைகளின் ராஜாவுக்கும் ராணிக்கும் சண்டை. எதற்கு? ஓர் இந்தியப் பையன் யாரிடம் வளர்வது என்று! சுமார் 1595-ல் எழுதிய நாடகத்திலேயே நம் ஆள் ஒருவன் இருக்கிறான், பாருங்கள்.

மேடையில் கிரீடம், வெல்வெட் எதுவும் கிடையாது. பின்னால் மூங்கில் சாரம், அதன் மேல் காகிதச் சுவர். திடீரென்று அதைக் கிழித்துக்கொண்டு தேவதைகள் குதித்தன. உயரத்திலிருந்து தொங்கிய சிவப்புத் துணியில், தூளியில் குழந்தைபோல் ராணி சுருண்டு தூங்கினாள். கண் விழித்ததும் அவள் காதலிப்பது யாரை? கழுதைத் தலை முளைத்த ஒரு நெசவாளியை!

எனக்கு இடப்பக்கம் ஒரு வடக்கத்திப் பெரியவர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. ஆங்கில வசனத்துக்கு அவர் சிரித்தார்; நான் அரை விநாடி தாமதமாகச் சிரித்தேன். தமிழ் வந்தது. நான் முதலில் சிரித்தேன். அவர் குனிந்து, "வாட் டிட் ஹி ஸே?" என்றார். என்னிடம்! ஆங்கிலத்தில்! எனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் விளக்கினேன். தலையாட்டிச் சிரித்தார். மராத்திக்கு அவர் எனக்குச் சொன்னார். சிங்களம் வந்தபோது அரங்கமே சமத்துவபுரம்! யாருக்கும் வார்த்தை தெரியவில்லை, எல்லோரும் சிரித்தோம்.

எல்லாம் தெரிந்தவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. அதனால் தெரியாதவன் என்று யாரும் கூச வேண்டியிருக்கவில்லை.

நாடகத்துக்குள் இன்னொரு நாடகமும் உண்டு. தச்சர், நெசவாளி, தையல்காரர் என்று ஆறு தொழிலாளிகள், வேலை முடிந்தபின் ஒத்திகை பார்த்து அரசர் கல்யாணத்தில் நடிக்கிறார்கள். ஒருவர் சுவராகவே நிற்கிறார். நம்மூர்த் திருவிழா நாடகம் மாதிரியே தத்துப்பித்து. பிரபுக்கள் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் ஆறு பேரும் பாதியில் இறங்கவில்லை. கடைசி வசனம் வரை சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள். எனக்கு அந்தச் சபை வக்கீல்களும் குமாஸ்தாக்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அதன் பிறகு ஹெட் ஆபீஸ் போனை நானே எடுத்தேன். புரியாவிட்டால், "இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்பேன். அவரும் சொல்வார். பிரளயம் எதுவும் வந்துவிடவில்லை.

எனவே ஆபீஸ் நண்பர்களே, அடுத்த முறை மெட்ராஸ் போனால் நைட் பஸ்ஸுக்கு முன்னால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஏதாவது ஒரு நாடகம், ஏதாவது ஒரு மொழி. மியூசியத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு நம்மூர்ப் புத்தருக்கு லீவு!