பெருங்களத்தூர் ஹெரால்டும் ஞாயிற்றுக்கிழமை தலைவலியும்

"சார், ஒரு பழைய காருக்கு விலை எப்படி சார் போடுறாங்க?"

போன மாசம் கிளினிக்ல ஒருத்தர் கேட்ட கேள்வி. சர்க்கரை, பிரஷர் பத்தி கேட்டா ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடுவேன். இதுக்கு ஒரு நீள இழையே தேவைப்படுது. டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல உலகக் கணக்கு. 1955ல செஞ்ச மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் ஊலன்ஹௌட் கூபே 2022 மே மாசம் 13.5 கோடி யூரோவுக்குப் போச்சு. நம்ம காசுக்கு ஆயிரம் கோடிக்கு மேல. அந்த மாடல்ல செஞ்சதே ரெண்டுதான். ஃபெராரி 250 ஜிடிஓ செஞ்சது 36. அதுல ஒண்ணு 2018ல 4.84 கோடி டாலருக்கு ஏலம் போச்சு.

அப்போ எண்ணிக்கை கம்மியா இருந்தா விலை ஏறும், அவ்வளவுதானே? இல்லைங்க. அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு.

தாம்பரம் தாண்டி வண்டலூர் போற வழியில, பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரி இருந்தது இப்போ ஜிஎஸ்டி ரோட்ல டிராபிக்ல நிக்கிற பசங்களுக்குத் தெரியாது. அம்பாசிடர் கல்கத்தா பக்கம், ஃபியட் பம்பாய்ல, ஸ்டாண்டர்ட் நம்ம மெட்ராஸ்ல. நாடு முழுக்க கார்னா இந்த மூணுதான்னு இருந்த காலம் அது. வான்கார்ட், டென், பென்னன்ட் எல்லாம் வந்தது. 1961ல ஹெரால்ட். 1972ல கெஸல். கடைசியா 1985ல ஸ்டாண்டர்ட் 2000. அதோட உடம்பு இங்கிலாந்து ரோவர் எஸ்.டி1. அந்த ரோவர் 1977ல ஐரோப்பாவுல வருஷத்தின் சிறந்த கார்னு பரிசு வாங்கினது. நம்ம ஆளுங்க அதுக்குள்ள வெச்சது வான்கார்ட் காலத்து எஞ்சினோட வாரிசை. மாருதி வந்து ஓடிட்டிருந்த நேரம். 1988ல ஃபேக்டரியே நின்னு போச்சு.

இன்னைக்கு ஸ்டாண்டர்ட் 2000 கண்ணுல படுறதே அபூர்வம். ஆனா ஹெரால்டைத் தேடி அலையிற அளவுக்கு அதைத் தேடி யாரும் அலையறதில்ல. அபூர்வமா இருந்தா மட்டும் பத்தாது, அது வேணும்னு ஏங்குற ஆள் வேணும். என் அபிப்பிராயம், பத்து வயசுல தெருவுல நின்னு வாயைப் பிளந்து பார்த்த காரைத்தான் மனுஷன் அம்பது வயசுல காசு வந்ததும் தேடுறான்.

இப்போ கேள்வி கேட்டவர் கதைக்கு வரேன். அனுமதி வாங்கித்தான் எழுதுறேன், அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

அவரோட அப்பா அந்த ஃபேக்டரியில பாடி ஷாப்ல வேலை பார்த்தவர். எழுபதைத் தாண்டிட்டார். வீட்டு ஷெட்ல 1970 மாடல் ஹெரால்ட், நாலு கதவு. பெரியவர் என்கிட்ட வந்தது காருக்காக இல்ல, தலைவலிக்காக. கூடவே கிறுகிறுப்பு, குமட்டல். பிரஷர் நல்லா இருக்கு. விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர்ல 98. "எப்போ ஐயா வரும்?"னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்"னார். பக்கத்துல இருந்த அம்மா, "எனக்கும்தான் டாக்டர், ஆனா எனக்கு லேசா"ன்னாங்க.

ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு, ஒரே நாள்ல தலைவலி. இதைக் கேட்டா எந்த டாக்டருக்கும் காது நிமிரணும். "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"வண்டியைக் கிளப்பி இருபது நிமிஷம் ஓட விடுவேன். பேட்டரி இறங்கிடக் கூடாதுல்ல. தெருவுல சத்தம்னு சொல்றாங்க, அதனால ஷட்டரை இறக்கிடுவேன்."

ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவுல ஒரு ஜன்னல்தான்.

கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நாம முகர்றது மத்த புகையோட நாத்தம். ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இதுக்கும் ஆக்ஸிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது, 98னு காட்டிட்டு சும்மா இருக்கும். நல்ல காத்து வந்த சில மணி நேரத்துல பாதி வெளியேறிடும், அதனால செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தாலும் ஒண்ணும் சிக்காது. பழைய கார்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கிடையாது, இந்த வாயு நிறையவே வரும். வண்டியை முழுசா வெளியில தள்ளி நிறுத்திட்டுத்தான் கிளப்பணும், ஷட்டரைத் திறந்து வெச்சா மட்டும் போதாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் தலைவலி ரெண்டு பேருக்கும் வரல.

இதுக்கப்புறம்தான் பையனோட கேள்வி. "உயிருக்கே உலை வெக்குது, கொடுத்துடலாம்னு பாக்குறேன். புதுப்பேட்டை ஆள் இரும்பு எடைக்குக் கேக்குறான். இன்னொருத்தர் பார்ட்ஸுக்காக மொத்தமா எடுத்துக்குறேங்குறார். எது சார் நியாயமான விலை?"

நான் கார் நிபுணன் இல்ல. ஆனா அப்பாவோட பேசிப் பேசி நிறையத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஹெரால்ட் வடிவம் மிக்கெலோட்டிங்கிற இத்தாலிக்காரர் போட்டது. சேஸி தனி, உடம்பு தனி, துண்டு துண்டா போல்ட் போட்டு முடுக்கினது. பானெட் மொத்தமும் முன்பக்கமா சாயும், மெக்கானிக் முன் டயர் மேலயே உக்காந்து வேலை பார்க்கலாம். அதனால இதை மீட்டெடுக்கிறது சுலபம். அதே காரணத்தால இதைப் பிரிச்சு விக்கிறதும் சுலபம்! 2006ல கம்பெனியைக் கலைச்சப்போ மிச்ச ஸ்பேரும் ஏலத்துல சிதறிப் போச்சு. ஒரு ஹெரால்ட் உறுப்பு தானம் பண்ணா மூணு ஹெரால்ட் பிழைக்கும். பார்ட்ஸ் கேக்குறவரைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனா இந்த வண்டிக்கு ரெண்டு விசேஷம். ஒண்ணு, நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவுல மட்டும்தான் செஞ்சாங்க. இது பொறந்த இங்கிலாந்துலயே கிடையாது. ரெண்டு, எஞ்சின் நம்பர், சேஸி நம்பர் ரெண்டும் ஆர்.சி. புக்ல இருக்கிறதோட அப்படியே பொருந்துது. டீசல் எஞ்சின் மாத்தல. எம்.எஸ்.னு ஆரம்பிக்கிற பழைய மெட்ராஸ் நம்பர். 2015 வெள்ளத்துல முடிச்சூரே மூழ்கினப்போ, தெருப் பசங்களை வெச்சு மேட்டுக்குத் தள்ளிட்டுப் போயிருக்கார். தண்ணியில நின்ன வண்டின்னா சேஸி உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும், மேல எவ்வளவு பெயின்ட் அடிச்சாலும் விஷயம் தெரிஞ்சவன் குனிஞ்சு பார்த்துட்டுப் போயிடுவான்.

பையனை இன்னொண்ணும் பார்க்கச் சொன்னேன். 2021ல மத்திய அரசு விதி போட்டிருக்கு. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டி, சேஸி, பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இல்லாத வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணலாம். புதுசாப் பதியுறதுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா தினம் காய்கறி வாங்க ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல், இதுக்குத்தான் ரோட்ல இறக்கலாம்.

பெரியவர் சிரிச்சார். "நான் ஓட்டியே ஆறு வருஷமாச்சு டாக்டர். முட்டி மடங்க மாட்டேங்குது."

உண்மையான சிக்கல் வேற. வீட்டை இடிச்சு ஃபிளாட் கட்ட பில்டர்கிட்ட பேசியிருக்காங்க. தாம்பரத்துல இப்போ தெருவுக்கு நாலு வீடு அப்படித்தான். ஒப்பந்தத்துல அவங்களுக்கு ஒரு கார் பார்க்கிங். பையன்கிட்ட ஒரு கார் இருக்கு.

அதனாலதான் அவர் விலை கேட்டார். பெரியவர் விலை எதுவும் கேட்கல. பானெட்டுக்குக் கீழ ஒரு இடத்தைக் காட்டி, "இந்த மடிப்பு எங்க ஷாப்ல போட்டது"ன்னு போன வாரம் எனக்கு விளக்கினார். நான் போனது அம்மாவோட பிரஷர் பார்க்க. முக்கால் மணி நேரம் ஷெட்லதான் இருந்தேன், ஷட்டர் திறந்திருந்தது.

நேத்து பையன் போன் பண்ணார். ஒப்பந்தத்துல இன்னும் கையெழுத்துப் போடல. ரெண்டாவது பார்க்கிங் தந்தா ஹால்ல எத்தனை சதுர அடி குறையும்னு பில்டர்கிட்ட கேட்டிருக்காராம். இன்னும் பதில் வரல.