அலமாரியில் இருக்கிறது, கணினியில் இல்லை

நூலகச் சீரமைப்புக் குழுவில் என் பெயரைச் சேர்த்தபோது, வருடத்துக்கு இரண்டு கூட்டம், வடை, காபி, கையெழுத்து என்றுதான் நினைத்தேன். தமிழ்த்துறையிலிருந்தும் ஒருத்தர் இருக்கட்டும் என்று போட்ட பெயர். முதல் கூட்டத்திலேயே திட்டம் தயாராக மேசைமேல் கிடந்தது. கீழ்த்தளத்தில் நாற்பது கணினிகள், ஏசி, கண்ணாடித் தடுப்பு, வாசலில் ஆர்.எஃப்.ஐ.டி. கதவு. கடைசி வரியில், பழைய கார்டு கேட்டலாக் பெட்டிகளை அப்புறப்படுத்துதல்.

கணினிகள் வந்தன. மாணவர்களும் வந்தார்கள், மேசைக்கு அடியில் குனிந்து பிளக் பாயிண்ட்டைத் தேடினார்கள். கணினியின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தங்கள் சார்ஜரைச் செருகிக்கொண்டார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025-இல் வந்தபிறகு, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. வேதியியல் மாணவனுக்கு இதழ் கையிலேயே இருக்கிறது. அவன் நூலகத்துக்கு வருவது ஒரு நாற்காலிக்காகவும், விடுதி அறையில் கிடைக்காத அமைதிக்காகவும். கணினிகளைப் பத்தாகக் குறைத்து, மேசைதோறும் பிளக் பாயிண்ட் வைத்த பிறகுதான் கூடம் நிறைந்தது. அந்த விவகாரம் அத்தோடு முடிந்தது.

முடியாதது எங்கள் துறையின் விவகாரம். ஒருநாள் முனைவர் பட்ட மாணவி ஒருத்தி வந்து, “ஐயா, நம்ம லைப்ரரில சிலப்பதிகாரம் ரெண்டே ரெண்டு காப்பிதான் இருக்காம்” என்றாள். நான் படித்த காலத்தில் ஒரு தட்டு முழுக்க அதைப் பார்த்தவன். 1892-இல் உ.வே.சா. பதிப்பித்த நூல், அதன் பிறகு எத்தனை பதிப்புகள், எத்தனை உரைகள்! அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடல் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் ‘எஸ்’ஸில் தொடங்கி நடுவில் ‘டி-எச்’ போட்டால் இரண்டு. ‘எஸ்’ஸோடு வெறும் ‘டி’ போட்டால் ஏழு. ‘சி’யில் தொடங்கினால் பதினொன்று. ‘சி-எச்’ என்று போட்ட புண்ணியவானுக்கு ஒன்று. தமிழில் அடித்துப் பார்த்தேன், பூஜ்யம்.

புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தன. கணினிமயமாக்கியபோது ஒரு பதிவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒப்பந்தம் பேசித் தட்டச்சு செய்ய விட்டிருக்கிறார்கள். அவரவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படி அடித்திருக்கிறார்கள். அதற்கு முன்பு கொஞ்சம் பதிவுகள் ஏதோ ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் இருந்திருக்கின்றன. 1999-இல் டாம், டாப் என்று குறியீடுகள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்து எழுத்துருக்களில் ஏற்றியவை கோஹா மென்பொருளுக்கு மாறியபோது வெறும் குப்பை எழுத்துகளாகிவிட்டன. கோஹாவின்மேல் பழி போடக்கூடாது. யுனிகோடில் தமிழைக் கொடுத்தால் அது தமிழாகவே வைத்துக்கொள்ளும். கொடுக்கத்தான் ஆளில்லை.

ஆசிரியர் பெயர்களோ இன்னும் மோசம். குடும்பப்பெயர் எது என்று கேட்டே தீரும் கட்டத்தில், நம்மவர்களுக்கு எதைப் போடுவது? மு. வரதராசன் ஓரிடத்தில் ‘மு’ குடும்பத்தைச் சேர்ந்தவர். எஸ்.ஆர். ரங்கநாதன் ‘எஸ்’ வீட்டுக்காரர். அந்த ‘எஸ்’ ஷியாலி, அதாவது சீர்காழி. ‘ஆர்’ அவருடைய அப்பா ராமாமிர்தம். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதியவர். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது அவற்றில் நான்காவது. அவர் பெயரையே நான்கு இடத்தில் தேட வைத்தது எங்கள் கணினி.

“கார்டுல இருக்குமே சார்” என்றார் புத்தகம் எடுத்துத்தரும் அண்ணன். முப்பது வருடமாக அங்கே இருப்பவர்.

“கார்டெல்லாம் எங்கண்ணே, கழிச்சாச்சே?”

“மாடிப்படிக்கு அடியில இருக்கு. போன மாசம் எடைக்கு எடுக்க ஆள் வந்தான். சாவியைக் காணோம்னு சொல்லிட்டேன்.”

அரசு அலுவலகத்தின் விசித்திரம் இது. விண்டோஸ் 98 கற்றுக்கொள்ள வழிகாட்டும் புத்தகத்தில் இருபது பிரதி எங்களிடம் உண்டு. அவற்றைக் கழிக்க யாரும் துணியவில்லை. ஒவ்வொன்றுக்கும் அக்சஷன் நம்பர் இருக்கிறது, தணிக்கையில் கேட்பார்கள். மத்திய அரசின் நிதிவிதிப்படி, ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு நூல் தொலைந்தால் விசாரணையே வைத்தாக வேண்டும். கார்டுக்கு நம்பர் கிடையாது. அதனால் முப்பது, நாற்பது வருட உழைப்பை ஒரு கையெழுத்துகூட இல்லாமல் எடைக்குப் போட்டுவிடலாம்.

அடுத்த கூட்டத்தில் மட்டும்தான், கார்டுகளை எடைக்குப் போடக்கூடாது என்று நான் குரலை உயர்த்தினேன். காபியைக்கூடக் குடிக்கவில்லை.

கோடை விடுமுறையில் கார்டு இழுப்பறைகளை வெளியே எடுத்தோம். அந்த மாணவியும் இன்னொரு பையனும் தட்டச்சு செய்ய, அண்ணன் ஒவ்வொரு கார்டையும் எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் ஒப்பிட்டுவிட்டு வருவார். அகர வரிசையில் அடுக்கிய, நீல மையில் எழுதிய தமிழ் கார்டுகள். யாரோ ஒரு பழைய நூலகர் சிலவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தார்: இதே நூலுக்கு வேறு உரை இன்ன எண்ணில், இந்தத் தொகுப்பின் கடைசிக் கட்டுரை இன்ன பொருளைப் பற்றி. நூலின் அட்டையில் பெயர் வராத கட்டுரைகள் அவை. இந்தக் குறிப்புகளைத் தட்டச்சு செய்ய மென்பொருளில் குறிப்புக் கட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஒப்பந்தத்தில் அது சேர்த்தி இல்லை போலும்.

கல்லூரி திறப்பதற்குள் ‘ச’ வரிசைவரைதான் முடிந்தது. மாணவி தமிழில் சிலப்பதிகாரம் என்று அடித்தாள். இருபத்துநான்கு வந்தது. எந்த எழுத்துக்கூட்டிலும் சிக்காமல் கார்டில் மட்டும் இருந்தவை மூன்று. அவற்றில் இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதைத் தொலைந்தது என்று குறிக்கட்டுமா என்று கேட்டேன்.

“எங்க போயிருக்கப் போகுது சார், ரெண்டு நாள் குடுங்க” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார் அண்ணன்.