பட்டியலில் ஒரு சொல்

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்தவர்கள் மேல்சாதிக்காரர்கள். நம்ம சனத்துக்கு அந்தப் பயம் எதற்கு? போனால் நல்லதுதானே. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். ஐந்து வருச ஒப்பந்தம். முதல் வருசக் கூலி மாதம் 10 ஷில்லிங்.

சாதி கடலில் விழுந்துவிடாமல் வெள்ளைக்காரன் பார்த்துக்கொண்டான். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு என்று எழுதிய கப்பல் பட்டியலில் சாதிக்கும் ஒரு கட்டம் போட்டான்.

அந்தப் பட்டியலை நான் டர்பனில்தான் பார்த்தேன். என் தங்கை மகள் வேலைக்குப் போன இடத்தில், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். போன வருசம் ஒரு மாதம் அவர்களோடு இருந்தேன். பையனின் அம்மாவுக்கு எழுபது வயது. தமிழ் பேச வராது. நாலைந்து சொற்கள்தான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பை ஊற்றித் தருகிறார்கள். 'பன்னி சவ்' என்று பெயர். மணலில் உட்கார்ந்து கையால் பிய்த்துத் தின்றோம்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்த மணல்ல கால் வைக்க முடியாது" என்றார். தங்கை மகள் தமிழில் சொன்னாள். வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நின்ற கடற்கரை. 1989-இல்தான் டர்பன் கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்தன. கடலுக்கே தீட்டு! ஊர்க்கிணற்றை எட்டி நின்று பார்த்து வளர்ந்தவளுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வெளிநாடுவாழ் இந்தியர் அட்டைக்காக ஆவணக் காப்பகத்தில் வாங்கிய நகல். அவருடைய பாட்டனின் தகப்பன் பெயர். வடார்க்காடு ஜில்லா. சாதிக் கட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதியிருந்தது, 'பறையா'.

"இங்கிலீசுல இது ஒதுக்கி வச்சவங்களைச் சொல்ற வார்த்தையாச்சே. எங்க தாத்தாவை ஏன் இப்படி எழுதினான்?"

தங்கை மகள் என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தின்போது அந்த வீட்டில் யாரும் சாதி கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

"சொல்லட்டுமா?"

"சொல்லு பெரியம்மா."

சொன்னேன். பறை அடிச்ச சனம், நிலத்தை உழுத சனம். பேரு நம்ம பேரு. அதை வசவா ஆக்கினவன் வேற. நாங்களும் அதே சனந்தான்.

கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தார். "அப்படின்னா கல்யாணத்துக்கு முன்னாடியே நாம சொந்தமா?" என்று சிரித்தார். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை இத்தனை லேசாகக் கையில் வாங்கின ஒரு ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

இது எப்படி நடந்தது? கப்பலில் கும்பலோடு கும்பலாகச் சோறு. தோட்டத்தில் ஒரே வரிசையில் குடியிருப்பு. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று அங்கே இல்லை. கால் ஊன்ற இடம் கிடைக்காமல் சாதி தேய்ந்தது. செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிள்ளை, நாயுடு, முதலி, படையாச்சி எல்லாம் குடும்பப் பெயர்களாக இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் சேரி இல்லாத இடத்தில் தீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

அந்த இடத்தை நிறவெறி அரசு வேறு பெயரில் உண்டாக்கியது. 1950-இல் சட்டம் போட்டு, நிறத்துக்கு ஒரு குடியிருப்பு என்று நகரத்தைக் கூறு போட்டது. கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களைப் பிடுங்கி சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். ஆப்பிரிக்கர்களை க்வாமாஷுவுக்குத் துரத்தினார்கள். சம்பந்தியின் குடும்பமும் அப்படிப் பிடுங்கி எறியப்பட்டதுதான். 1991-இல் சட்டம் ஒழிந்தது. போட்ட கோடு ஒழியவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த பீனிக்ஸ் பகுதியில் முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

மறுநாள் நகரத்துக்குள் வார்விக் சந்திப்புக்குப் போனோம். அங்கே மேம்பாலத்தின்மேல் ஜூலு மக்கள் மூலிகைச் சந்தை வைத்திருக்கிறார்கள். வேரும் பட்டையும் குவித்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்க்க ஆசை. சம்பந்தி கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் வேணாம், அது அவங்க இடம்" என்றார்.

எங்க ஊர் பஸ் நிறுத்தத்தில் எங்க தெருவுக்கு வழி கேட்கிற ஆளுக்குக் கிடைக்கிற பதில் இது.

"சம்பந்தியம்மா, எங்க தெருவைக் காட்டியும் இப்படித்தான் சொல்வாங்க" என்றேன். தங்கை மகள் ஒரு வார்த்தை குறைக்காமல் இங்கிலீசில் சொன்னாள். அவர் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து "சரி, வாங்க" என்றார். மூன்று பேரும் மேலே ஏறினோம். பையை அவர் கடைசிவரை விடவில்லை.

கப்பல் பட்டியலில் ஒரு சொந்தம் கிடைத்ததில் எனக்குச் சந்தோசந்தான். அந்தச் சொந்தம் சாட்ஸ்வொர்த் எல்லையோடு நின்றுவிட்டால் அது போதாது.