புழு வைத்த புண்

உச்சமுனையில் என் மாணவன் ஒருவன் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டிலே பிறந்த ஆட்டுக்குட்டியின் தொப்புளில் புழு வைத்துவிட்டது. மிருக வைத்தியரை அழைத்துவரக் களப்பைக் கடக்க வேண்டும். வள்ளத்துக்குக் கூலி வேண்டும். வேப்பெண்ணெயும் கற்பூரமும் தடவினார்கள். குட்டி பிழைக்கவில்லை.

திரும்பி வந்தவன் கேட்டான்: "வில்பத்துக் காட்டில் மானுக்கும் புழு வைக்குமே, சேர்? அதைப் பிடிக்கிற சிறுத்தைக்கு?"

இந்த ஈயின் பெயர் கிரைசோமியா பெசியானா. அது பிணத்தை நாடுவதில்லை. உயிருள்ள உடலின் புண்ணிலே முட்டையிடுகிறது. புழுக்கள் ஏறத்தாழ ஒரு வாரம் பச்சைத் தசையைத் தின்று, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகின்றன. இதனையொத்த அமெரிக்க இனம் ஒரு காலத்தில் டெக்சாசில் மான்கன்றுகளைப் பெருமளவில் மாய்த்தது. நலிந்த மான் சிறுத்தைக்கு எளிய இரைதான். ஆயினும் கன்றுகள் மடிந்தால், பின்வரும் பருவங்களில் அதற்கும் பட்டினியே. மானின் கொம்பு கிழித்த புண் சிறுத்தைக்கு இருந்தால், அங்கும் அதே ஈ அமரும்.

1954இல் வெனிசுவேலாவுக்கு அருகிலுள்ள குராசோ தீவில், கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களை விமானத்திலிருந்து தூவி அந்த அமெரிக்க இனத்தை ஒழித்தார்கள். பெண் ஈ பெரும்பாலும் ஒரு முறையே கூடும். மலட்டு ஆணைக் கூடியவற்றின் முட்டைகள் பொரிக்கவில்லை. குராசோவும் ஆடுகள் திரியும் தீவுதான். ஆனால் அங்கே நடந்தது பரீட்சை. நோக்கமோ அமெரிக்கப் பண்ணைகளின் மாட்டு மந்தைகளைக் காப்பது.

இதைச் சொன்னதும் அவன், "எங்கட ஆட்டுக்கு ஏன் சேர் ஒருவரும் வரேல்லை?" என்றான்.

அன்று மாலை வகுப்பே கூடி விண்ணப்பம் எழுதினோம்: மாதம் ஒருமுறையேனும் மிருக வைத்தியர் உச்சமுனைக்கு வர வேண்டும். முதற் கையொப்பம் அவனுடையது.