சஜராவில் இல்லாத பெயர்கள்

சென்ற பெருநாளன்று மயிலாப்பூரில் மகள் வீட்டில் இருக்கும் பெரியவாப்பாவைப் பார்க்கப் போயிருந்தோம். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், சுருட்டி வைத்திருந்த பெரிய தாள் ஒன்றைக் கூடத்துத் தரையில் விரித்தார். எங்கள் குடும்பத்தின் சஜரா, அதாவது வம்சாவளி. உச்சியில் குறைஷிக் குலத்தின் பனூ தைம் கிளை. அதன் கீழே முதல் கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி). பிறகு காயல்பட்டினத்துக்குக் கப்பலேறி வந்ததாகச் சொல்லப்படும் முன்னோர். கடைசியில் என் தம்பி, அவன் மகன்கள்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் விரலால் தேடிக்கொண்டே வந்து, “உம்மா, இதுல நீங்க எங்கே?” என்றாள்.

நான் இல்லை. பெரியவாப்பாவைச் சோறுபோட்டுப் பார்த்துக்கொள்ளும் ராத்தாவும் இல்லை. நூற்றுச் சொச்சம் பெயர்களில் ஒரு பெண்கூட இல்லை.

“பொம்புளப் புள்ளைய கட்டிக்குடுத்தா வேற குடும்பம்மா. சஜரான்னா அப்படித்தான்” என்றார் பெரியவாப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

வீடு திரும்பும்போது ராயப்பேட்டை அமீர் மஹாலைக் கடந்தோம். ஆற்காடு நவாப் குடும்பம் தன் வம்சத்தை இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) வரை கொண்டுபோகிறது. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்தது. பின்னாளில் ஆங்கிலேயர் அவருடைய சித்தப்பா அசீம் ஜாவுக்கு ‘ஆற்காடு இளவரசர்’ பட்டம் கொடுத்தார்கள். அதுவும் ஆண்வழியிலேயே வருகிறது.

அரபுக் குலங்களும் தகப்பன்வழியைத்தான் எண்ணின. ஆனால் பெண்களை அவை இப்படி அழித்துவிடவில்லை. அபூபக்கர் காலத்தில் தொகுத்த குர்ஆன் ஏடுகள் உமரிடம் வந்து, அவருக்குப் பின் அவர் மகள் ஹஃப்ஸாவிடம் (ரலி) இருந்தன. மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவற்றை அவரிடம் கேட்டு வாங்கிப் பிரதிகள் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அபூபக்கரின் மகள் ஆயிஷா (ரலி) இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர். மணமான பின்னும் அவர் ‘ஆயிஷா பின்த் அபீபக்கர்’தான். பின்த் என்றால் மகள். எல்லோரும் மதிக்கும் சையிது வம்சமோ நபிகளின் (ஸல்) மகள் ஃபாத்திமா (ரலி) வழியாக வருவது. நபிகளின் ஆண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். அந்த ஒரு மகளை எடுத்துவிட்டால் மரமே இல்லை.

எங்கள் ஊர் வழக்கமும் நினைவுக்கு வந்தது. காயல்பட்டினத்தில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். பெரியவாப்பாவும் அப்படித்தான் பெரியம்மா வீட்டுக்குப் போனார். வேறு குடும்பத்துக்குப் போனவர் யார்?

அன்றிரவு ஒரு நோட்டில் என் தாய்வழியை எழுத உட்கார்ந்தேன். நான், உம்மா, உம்மம்மா, அவருடைய உம்மா. நான்காவது பெயரோடு பேனா நின்றுவிட்டது. பெரியவாப்பாவைக் குறை சொன்ன எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. ஊரிலிருக்கும் உம்மாவுக்குப் போன் செய்தேன். மறுநாள் வீட்டுப் பழைய பத்திரங்களைப் படம்பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். தாய் மகளுக்கு எழுதிக் கொடுத்தவை. இன்னும் இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒருவருக்குக் கையெழுத்து இல்லை, பெருவிரல் ரேகைதான்.

அடுத்த வாரம் நோட்டோடு மயிலாப்பூர் போனேன். பெரியவாப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“எங்க உம்மா பேரு இதுல இல்லையே” என்றார்.

“இது எங்க உம்மா வழி, பெரியவாப்பா. உங்க உம்மா பேரு உங்க தாள்லதான் வரணும்.”

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பெயரைச் சொன்னார். என் வாப்பாவைப் பெற்றவரை நாங்கள் எல்லோரும் ‘பெரிய வீட்டும்மா’ என்றே அழைத்திருந்தோம். அவருடைய பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

சஜரா ஏற்கெனவே அச்சாகி, ஐம்பது பிரதிகள் சொந்தங்களுக்குப் போய்விட்டன. அடுத்த முறை சேர்க்கலாம் என்றார். எங்கள் வீட்டுப் பிரதியில் மட்டும் பாட்டியின் பெயரை என் மகள் எழுதினாள். பென்சிலை நீட்டினேன். வேண்டாமென்று பேனாவை எடுத்துக்கொண்டாள்.