மாட்டேன், வேண்டாம்

அடிமைப்பட்ட ஓர் உயிர் பேசத் தொடங்கினால் அதன் முதற்சொல் எதுவாக இருக்கும்? பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1963-இல் வெளியிட்ட புதினத்திலிருந்து கிளைத்த மனிதக் குரங்குத் திரைப்படங்கள் இவ்வினாவுக்கு ஒரு விடை தருகின்றன. 1971-இல் வந்த மூன்றாம் படத்தில், குரங்கினத்தின் பழங்கதையைச் சொல்லும் கர்னீலியஸ், முதன்முதலில் வாய் திறந்த குரங்கு மனிதரிடம் உரைத்தது ஒரு மறுப்புச் சொல்லே என்கிறது. ஆங்கிலத்தில் அது ஓரசைச் சொல். தமிழில் 'மாட்டேன்' என்று கொள்ளலாம்.

அந்த எழுச்சியையே கருவாகக் கொண்டது, ஜே. லீ தாம்ஸன் 1972-இல் இயக்கிய நான்காம் படம். கொள்ளைநோயில் நாய்களும் பூனைகளும் மடிந்துபோக, மனிதர் குரங்குகளைச் செல்லமாக வளர்க்கின்றனர். அவற்றின் அறிவைக் கண்டதும் அடிமைகளாக்கி வேலை வாங்குகின்றனர். செல்லத்திற்கும் விலங்கிற்கும் இடையே இருந்தது ஒரு படிதான்! பேசும் சிம்பன்சியாகிய சீசரின் தலைமையில் அவை திரண்டெழ, நகரம் தீப்பற்றுகிறது. 1965-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்து, 34 உயிர்கள் மாய்ந்த நாள்களின் நிழல் இக்காட்சிகளில் படிந்துள்ளது.

குருமட நாள்களில் இப்படத்தை ஒளிநாடாவில் கண்டேன். இதற்கு இரண்டு முடிவுகள் உண்டு என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். முதலில் எடுக்கப்பட்ட முடிவில், கொடிய ஆளுநர் பிரெக் அடித்துக் கொல்லப்படுகிறார். முன்னோட்டக் காட்சியில் மக்கள் அதிர்ச்சியுறவே, முடிவு மாற்றப்பட்டது. ஓங்கிய துப்பாக்கிகளைக் கண்டு லிசா என்னும் பெண் சிம்பன்சி வாய் திறக்கிறது. அதே ஓரசைச் சொல்தான். ஆயினும் இப்போது அதனை 'வேண்டாம்' என்றே பெயர்க்க வேண்டும். சீசர் பகையை அடக்கிப் பேசுகிறது, பிரெக் பிழைக்கிறார்.

வெட்டி ஒட்டிச் சேர்த்த இரக்கம் உண்மையான இரக்கமாகுமா என்று கேட்கலாம். படத்தின் மற்றொரு பாத்திரம் இதற்கு விடையாகிறது. ஆளுநரின் உதவியாளர் மக்டொனால்ட் கறுப்பினத்தவர், அடிமைகளின் வழித்தோன்றல். இறுதியில் சீசரிடம் இரக்கம் வேண்டி மன்றாடுபவர் அவரே. அவ்வாறு கேட்கும் உரிமை அவருக்கு எப்படி வந்தது? சீசரை மின்சாரம் பாய்ச்சிக் கொல்ல ஆணை பிறந்தபோது, எவரும் அறியாமல் சென்று மின்னிணைப்பைத் துண்டித்தவர் அவர். பதவியைப் பணயம் வைத்து முதலில் உயிரைக் காத்தார். பிறகே பொறுமையைப் பேசினார்.

பங்குப் பணியில் இருப்போரை ஊர் வழக்குகளுக்கு அழைப்பதுண்டு. கூலி மறுக்கப்பட்டவரும் அடிபட்டவரும் ஒரு பக்கம் நிற்பர். அடித்தவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அங்கே 'மன்னித்துவிடுங்கள்' என்னும் சொல் எப்போதும் நிற்பவரை நோக்கியே எளிதாக வருகிறது! வலியவரின் முன் ஒருநாளும் 'மாட்டேன்' என்று சொல்லாதவர், எளியவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது அறிவுரையாகலாம், அறமாகாது.

மன்னிப்பு மாபெரும் கொடைதான். அதனைப் பிறரிடம் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: அவர்மீது பாய்ந்த மின்சாரத்தை நிறுத்த நாம் எழுந்து சென்றோமா?