நிலமும் பொழுதும்

புதிய ஊரில் குடிபுகுவோர் முதலில் கேட்டறிவன சில உண்டு. குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், பள்ளிவாசல் எத்துணைத் தொலைவு, பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளி எது என்பன அவை. இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கும் பழக்கமுடையோர்க்கு மற்றொரு வினாவும் எழும். இவ்வூரைச் சூழப் படத்துக்குரிய இடங்கள் எவை? பாளையங்கோட்டையில் குடியேறிய நாள்முதல் எம்மைத் தொடர்ந்த வினா இது. விடை தேடியபோது கற்றவை மாணவர்க்குப் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

படக்கலை நமக்கு அயலானதன்று. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. பொருளிலிருந்து புறப்படும் ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காட்சி உண்டாகிறது என அவர் நிறுவினார். சிறுதுளை வழியே இருட்டறையுள் புகும் ஒளியையும் ஆராய்ந்தார். உயிருள்ளவற்றை உருவமாக்குவது குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மலை, ஆறு, மரம் ஆகியவற்றைப் பொறுத்தவரை பெரும்பாலோர் தடை கூறுவதில்லை.

ஐந்திணையும் அண்மையில்

நெல்லைச் சீமையைச் சுற்றிவரும் ஒருவர் இலக்கண வகுப்பில் கேட்ட நிலப்பாகுபாட்டைக் கண்ணாரக் காணலாம். மேற்கே பாபநாசத்துக்கு அப்பால் பொதிகை மலை குறிஞ்சி. களக்காட்டு மலையடிவாரத்தில் ஆட்டுமந்தைகள் மேயும் புன்செய்க் காடுகள் முல்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளாலும் அவற்றினின்று பிரியும் கால்வாய்களாலும் விளையும் வயல்கள் மருதம். காயல்பட்டினம் முதல் மணப்பாடு வரையுள்ள கரை நெய்தல். தொல்காப்பியர் தனி நிலம் வகுக்காத பாலைக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. சாத்தான்குளம் பக்கத்துக் குதிரைமொழித் தேரியில் செம்மணல் குன்றுகளாய்க் குவிந்து கிடக்கிறது. யாவும் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவில் உள்ளவை.

எனினும் இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவோர் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் திரும்புவர். இடம் இருக்கும், படம் இராது. காரணத்தைத் தொல்காப்பியரே கூறிவிட்டார். முதற்பொருள் என்று அவர் வகுத்தது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் சேர்ந்ததையே. முல்லைக்குக் காரும் மாலையும், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு வேனிலும் நண்பகலும் என வரையறுத்த மரபு படமெடுப்போர்க்கும் வழிகாட்டியாகும்.

மருதத்தை எடுத்துக்கொள்வோம். இப்பகுதியில் கார், பிசானம் என இரு பருவங்களில் நெல் விளைகிறது. பிசான நடவுக்கு முன் நீர் நிறுத்திய வயல் விடியலில் வானத்தை அப்படியே காட்டும். நாற்று நட்டு வேர் பிடித்துவிட்டால் அக்கண்ணாடி மறைந்துவிடும். வாய்ப்பு ஆண்டில் சில நாளே. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்றில் தூசு அடங்கியிருக்கும். அன்று பாளையங்கோட்டையிலிருந்தே மலைத்தொடரின் மடிப்புகளை எண்ணலாம். கூந்தன்குளத்தில் நீர் இருக்கும் மாதங்களில்தான் பறவைகள் இருக்கும். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்ட குளம் அது. நண்பகலில் படமெடுக்கலாகாது என்பது பொதுவிதி. தேரிக்கு அது முற்றும் பொருந்தாது. நிழலற்ற உச்சிவெயிலிலேயே அச்செம்மணலின் வெம்மை படத்தில் இறங்குகிறது.

பள்ளிவாசலின் அட்டவணை

பொழுதை அறிவதற்கு யாம் பெரிதும் பயன்கொண்டது பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையே. சுப்ஹுத் தொழுகை முடிந்து வெளிவரும்போது கீழ்வானம் நீலத்திலிருந்து வெளிறத் தொடங்கும். அப்போதே புறப்பட்டால் சூரியோதயத்துக்கு முன் ஆற்றங்கரையை அடையலாம். அஸர் நேரம் நிழலைக் கொண்டே கணிக்கப்படுகிறது. உச்சிவேளை நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவை எட்டும்போது அஸர் தொடங்குவதாக ஷாஃபிஈ மத்ஹபும், இரு மடங்கு ஆகும்போது தொடங்குவதாக ஹனஃபி மத்ஹபும் கொள்கின்றன. நிழல் நீளத் தொடங்கிய பின்னரே வரப்பும் மேடும் பள்ளமும் தம் வடிவைக் காட்டும். ஆகவே அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுது நிலக்காட்சிக்கு உகந்தது. இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் பொன்னிற ஒளி அரைமணி நேர அளவே நீடிக்கும். இடத்தை முன்னரே தெரிவு செய்து நின்றால் ஒளியும் கிடைக்கும், தொழுகையும் தவறாது.

சூரியன் மறையும் திசையும் ஆண்டு முழுவதும் ஒன்றாய் இராது. டிசம்பர் இறுதியில் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கேயும், ஜூன் இறுதியில் அதே அளவு வடக்கேயும் விலகி மறைகிறது. 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தருகே பாளையங்கோட்டைக் கரையில் நின்று மேற்கே நோக்குவோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பர். ஒரே கல்லின்மேல் ஆறுமுறை நின்றால் ஆறு படங்கள் கிடைக்கும். புதிய இடங்களைத் தேடி ஓடுவதினும் ஓரிடத்துக்கு மீண்டும் மீண்டும் செல்வது மேல் என்பது யாம் கண்ட உண்மை.

கேட்டறிதல்

இனி, எந்த வரைபடமும் கூறாதவற்றை அந்நிலத்தில் உழைப்போர் கூறுவர். மடையில் எப்போது நீர் திறப்பார்கள் என்பதை வயலுக்கு நீர் பாய்ச்சுவோரும், ஆடிக்காற்றில் தேரிமணல் எப்பக்கம் நகரும் என்பதைப் பனையேறியும், எப்பொழுது படகுகள் கரைசேரும் என்பதை மீனவரும் அறிவர். வரப்பில் கால்வைக்குமுன் நிலத்தவரிடம் ஒரு சொல் கேட்பது பண்பு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் வனத்துறையின் இசைவின்றிச் செல்லலாகாது. கூடங்குளம் அணுமின் நிலையம் போன்ற பாதுகாப்புக்குரிய இடங்களை நோக்கிப் படக்கருவியைத் திருப்பாதிருப்பது நன்று.

இவ்வாறு கேட்டறியும்போது எம் அண்டைவீட்டுப் பெரியவர் ஒருநாள் கூறியது நெஞ்சில் நின்றது. “தம்பி, உங்க அடுக்களை நிக்குற எடத்துலதான் எங்க நாத்தங்கால் இருந்துச்சு.” அவ்வயலின் படம் ஏதேனும் உண்டா என வினவினோம். இல்லை என்றார். திருமணப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அறுபது ஆண்டு சோறிட்ட நிலத்துக்கு ஒரு படமும் இல்லை. கால்வாய் ஓர வயல்கள் வீட்டுமனைகளாவதைத் தடுக்கும் வன்மை படக்கருவிக்கு இல்லை. ஆயின் இங்கே வயல் இருந்தது, இவ்வழியே ஓடை சென்றது என்று சான்று கூறும் வன்மை அதற்கு உண்டு.

அச்சான்று வெறும் நினைவுப்பொருள் அன்று. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைகடந்தது, குளங்கள் உடைந்தன. மனிதர் மறந்துவிட்ட பழைய வழிகளை நீர் மறக்கவில்லை. குளத்தின் கரை எங்கே தொடங்கியது, மறுகால் எத்திசையில் ஓடியது என்பதை அடுத்த தலைமுறை அறிய வேண்டுமாயின் இன்றைய படம் அதற்கு உதவும்.

ஆதலின் மாணவச் செல்வங்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. அழகிய இடத்தைத் தேடித் தொலைவுக்குச் செல்லுமுன் உங்கள் ஊர்க் குளத்தின் கரையில் ஓரிடத்தைத் தெரிவு செய்யுங்கள். கோடையில் ஒன்று, கார் நடவில் ஒன்று, மழையில் ஒன்று, பிசான அறுவடையில் ஒன்று என ஆண்டுக்கு நான்கு படங்கள் அங்கே நின்றே எடுங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டா. கையிலுள்ள கைப்பேசியே போதும். படத்தின் பின்னே நாள், நேரம், நோக்கிய திசை, ஊரார் அக்குளத்தை அழைக்கும் பெயர் ஆகியவற்றை எழுதிவையுங்கள். நூறு மாணவர் இதனைச் செய்தால் நூறு குளங்களின் வரலாறு நம் தமிழ்த்துறை நூலகத்தில் ஓர் அலமாரியில் அமையும். எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் துணைபுரிவானாக.